சித்திரையில் குளிர்காய்தல்

சித்திரை மாதத்து நடுப்பகலில், செங்கற்பட்டுச் சீமையில், வெயிலில் நின்று குளிர்காய்கிற மனிதர்கள் உண்டு என்று நமது பாட்டனாரிடம் சொல்லியிருந்தால், உடனே வைத்தியருக்கு ஆள் அனுப்பியிருப்பார். இன்றோ, முட்டுக்காட்டுக் கழிக்கு மேற்கே, சிறுசேரியிலும் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் நிற்கும் கண்ணாடி மாளிகைகளின் வாசலில் இது சர்வ சாதாரணமான காட்சி. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விரல் விறைத்துப் போனவர்கள், சற்றுச் சூடேற்றிக் கொள்ள வெளியே வருகிறார்கள். அவர்களை இடித்துக் கொண்டு, கழுத்து வியர்வையைத் துடைத்தபடி உள்ளே ஓடுகிறவர்களும் அதே காரியாலயத்தின் உத்தியோகஸ்தர்களே.

இவ்விரு கட்சியாருக்கும் உள்ளே நடக்கும் போர் லேசானதல்ல. ஒருவர் குளிர்சாதனத்தை 18 டிகிரிக்கு இறக்குவார். அவர் காப்பி சாப்பிடப் போன சமயம் பார்த்து இன்னொருவர் 26-க்கு ஏற்றுவார். விசைக் கருவி ஒருவருடைய மேஜை அறைக்குள் மாயமாய் மறையும். கம்பளிச் சால்வை போர்த்திய அம்மாளைப் பார்த்து, "உதகமண்டலத்துக்கு மாற்றலா?" என்று கேலி நடக்கும். கேலி செய்கிறவர் பெரும்பாலும் கதவுக்கருகே, குளிர் எட்டாத மூலையில் இருப்பவர்.

யார் கட்சி நியாயம் என்று கேட்டால், இரண்டும் நியாயம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. டென்மார்க் தேசத்து எஞ்சினியர் பாங்கர் 1970-ல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு கணக்கே போட்டிருக்கிறார். காற்றின் உஷ்ணம், ஈரம், வேகம், சுவர்களின் சூடு, உடுத்திய துணி, உடல் உழைப்பு ஆகிய ஆறும் சேர்ந்துதான் மனிதனுக்குச் சுகமா அசுகமா என்று தீர்மானிக்கின்றனவாம். ஆறையும் அப்பழுக்கில்லாமல் பொருத்தி வைத்தாலும் நூற்றுக்கு ஐந்து பேர் முணுமுணுத்துக் கொண்டுதான் இருப்பார்கள் என்பது அவர் கண்ட முடிவு. உலகத்து அளவுகோல்கள் எல்லாம் நூற்றுக்கு எண்பது பேர் திருப்தியடைந்தால் போதும் என்று சமாதானம் செய்து கொள்கின்றன. மீதி இருபது பேர் யார் என்பதுதான் சண்டை.

அந்த இருபதில் ஸ்திரீகள் ஏன் அதிகம் என்று ஹாலந்தில் இருவர் ஆராய்ந்து 2015-ல் எழுதினார்கள். பழைய கணக்கில் 'சராசரி மனிதன்' என்று வைத்துக் கொண்டது நாற்பது வயதும் எழுபது கிலோ எடையும் உள்ள ஓர் ஆடவனையாம். உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணின் உடல் உண்டாக்கும் உஷ்ணத்தை இந்தக் கணக்கு 35 சதவிகிதம் வரை மிகைப்படுத்திவிடக் கூடும் என்றார்கள். அவர்கள் சோதித்தது 16 இளம் பெண்களைத்தான். அதை வைத்து வேதவாக்கென்று கொள்ள நாம் தயாரில்லை. ஆனால், கோட்டும் டையும் மாட்டிய குளிர்தேசத்து ஆடவனுக்கு வெட்டிய சட்டை, பருத்திச் சேலை கட்டிய தமிழ்ப் பெண்ணுக்குப் பொருந்தவில்லை என்றால் அதில் என்ன ஆச்சரியம்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1902-ல் அமெரிக்கரான காரியர் அமைத்த முதல் குளிர்சாதனம் மனிதருக்காக ஏற்பட்டதே அல்ல. புரூக்ளினில் ஓர் அச்சுக்கூடத்தில் காகிதம் ஈரத்தால் நீண்டு சுருங்கி வர்ண அச்சைக் கெடுத்தது. அந்த ஈரத்தைப் போக்கவே அது பிறந்தது. நமது கடலோரத்திலும் ஈரம்தான் முதல் எதிரி. வியர்வை உலராததால் 32 டிகிரிகூடப் புழுக்கமாய்க் கொல்கிறது. ஈரத்தை வடிக்கவும் காற்றை வீசவும் செய்ய வேண்டிய இடத்தில், நாம் டிகிரியைக் கீழே கீழே அழுத்துகிறோம். சாதாரண யந்திரத்தை 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது அதே வேகத்தில்தான் குளிரும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடும், அவ்வளவே.

நமக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்று நம்மையே கேட்டவர்களும் இருக்கிறார்கள். ஆமதாபாத் ஸெப்ட் சர்வகலாசாலையார் சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களில், 16 காரியாலயக் கட்டடங்களில், 6,330 பதில்களைத் திரட்டி 2014-ல் ஒரு சுதேசி அளவுகோல் வகுத்தார்கள். வெளியே மாதச் சராசரி 31 டிகிரியாய் இருக்கும் காலத்தில், ஜன்னல் திறந்து காற்று வீசும் கட்டடங்களில் 28.5 டிகிரியே நம்மவருக்குச் சுகமாயிருந்தது! தேசிய கட்டட விதித் தொகுப்பும் 2016-ல் இதை ஏற்றுக் கொண்டது. நட்சத்திர முத்திரை பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் எல்லாம் 24-ல் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் சட்டம் வந்தது. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்பது சர்க்கார் கணக்கு. 20-க்குக் கீழே போகாமல் தடுக்கப் போவதாக 2025 ஜூனில் மத்திய மந்திரி அறிவித்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும்.

முட்டுக்காட்டிலேயே, 1996-ல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில், செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் நின்றால் பிற்பகல் கடற்காற்றின் அருமை தெரியும். உடனே நம் முன்னோரை எண்ணி மார்தட்ட வேண்டாம். அந்த முற்றத்தைச் சுற்றி நூறு கம்ப்யூட்டர்கள் அனலைக் கக்கிக் கொண்டிருக்கவில்லை. ஆனாலும், அதே காற்று கழியைத் தாண்டிப் போய்த் திறக்கவே முடியாத கண்ணாடியில் மோதித் திரும்புவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 26-ல் நிறுத்தி, தலைக்கு மேல் மின்விசிறியும் ஓடவிட்டால் பாதிச் சண்டை தீரும். விசிறி இருந்தால் 'அந்தஸ்து' குறைவாம்!

கும்பினியார் காலத்துக் கச்சேரிகளில் பங்கா இழுப்பவன் தாழ்வாரத்தில் வெந்து கொண்டிருப்பான். எவ்வளவு காற்று வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் உள்ளே இருப்பார். இப்போது கயிறு இல்லை. ஆனால், குளிர் கொட்டும் துவாரத்தின் நேர் கீழே அகப்பட்டு, கழுத்து வலியும் ஜலதோஷமுமாய்த் தவிக்கும் புதுக் குமாஸ்தாப் பெண், நாற்காலியை நாலு முழம் நகர்த்தவும் மேலதிகாரியின் கையெழுத்து வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர் தனி அறையில், தனி விசையுடன் வீற்றிருக்கிறார்.