மருந்துப் பை மடியில் இருக்கட்டும்

ஊரில் சாவு விழுந்தால்தான் நம்மவர்களில் பலர் விமானம் ஏறுகிறார்கள். பொங்கலுக்கும் கோவில் கொடைக்கும் இரண்டு மாதம் முன்னதாகவே ரிசர்வ் செய்து ரயிலில் போகிறவர்கள், துட்டிச் செய்தி வந்துவிட்டால் கடன் வாங்கியாவது விமான டிக்கெட் எடுக்கிறார்கள். மும்பையில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறினால் ஊர் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை நாள். அதுவரை பிரேதத்தை வைத்திருக்க மாட்டார்கள்.

இப்படி அடித்துப் பிடித்துக் கிளம்புகிறவர்களில் சர்க்கரை வியாதிக்காரர்களும் இருக்கிறார்கள். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் சொன்னது. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இன்சுலின் ஊசி இல்லாத சந்து இன்று அபூர்வம்.

சென்ற கோடையில் நடந்தது இது. தாராவித் தோல் பட்டறைத் தொழிலாளி ஒருவர், ஐம்பது வயதுக்காரர், நாங்குநேரிப் பக்கத்தவர். தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்பவர். அண்ணன் இறந்த செய்தி கேட்டு மதுரைக்கு விமானம் ஏறப் போனார். கையில் ஒரே பை. 7 கிலோவுக்கு மேல் கையில் கொண்டுபோக முடியாது, இது இரண்டு கிலோ அதிகம், கீழே சாமான் அறைக்கு அனுப்புங்கள் என்று கவுண்டரில் இருந்த பெண் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். மருந்துப் புட்டி, சிரிஞ்சு, மாத்திரை, டாக்டர் சீட்டு எல்லாம் அந்தப் பையோடு போய்விட்டன. மதுரையில் இறங்கினால் பை வரவில்லை. அது மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தது.

இழவு வீட்டில் தன் மருந்தைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சம். சீட்டும் கையில் இல்லை. இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்தார். வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, நினைவு தப்பும் நிலையில்தான் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள்.

இதில் வேதனை என்னவென்றால், எந்த விதியும் அவருக்குக் குறுக்கே நிற்கவில்லை. 2006-ல் லண்டனில் விமானங்களைத் தகர்க்கத் தீட்டிய சதி அகப்பட்ட பிறகுதான் திரவப் பொருள்களுக்கு 100 மில்லி என்ற கட்டுப்பாடு வெளிநாட்டு விமானங்களுக்கு வந்தது. அதிலும் நோயாளியின் மருந்துக்கு விலக்கு உண்டு. இன்சுலினையும், அதனுடன் சேர்ந்த சிரிஞ்சையும், சர்க்கரை பார்க்கும் கருவியையும் டாக்டர் சீட்டுடன் கையிலேயே கொண்டுபோகலாம். சோதனை செய்யும் காவலரிடம் முதலிலேயே எடுத்துக் காட்டிவிட்டால் போதும். "ஊசி இருந்தால் போலீஸ் பிடிக்கும்" என்ற பயத்தில் பெரிய பெட்டிக்குள் துணிக்கு நடுவே ஒளித்து அனுப்புகிறவர்கள் நம்மில் அநேகம். சாமான்களைப் பார்க்கும் எக்ஸ்ரேயினால் இன்சுலின் கெடாது. சாமான் அறையில் போட்டால் கெடலாம்.

பிரிக்காத புட்டி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. பிரித்ததை நிழலான இடத்தில் நாலு வாரம் வரை வெளியே வைத்துப் பயன்படுத்தலாம். உறைந்துபோனால் முடிந்தது, பிறகு உருகினாலும் அது மருந்தல்ல. மே மாத வெயிலில் விமானத்துக்கு வெளியே வண்டியில் காய்வதும், மேலே போனபின் அடி அறையில் குளிர்வதும் அதற்கு ஆகாது. ஐஸ் கட்டியை நேராக ஒட்டி வைப்பதும் தப்பு. ரயிலில் போகிறவர்கள் ஜன்னலோரம் வைக்காமல், ஈரத்துணி சுற்றிய டப்பாவில் வைத்துக்கொள்ளலாம்.

மருந்து தொலைந்து வேறு ஊரில் வாங்க நேர்ந்தால் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. நம் நாட்டில் இன்சுலின் இரண்டு பலத்தில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள புட்டி ஒன்று. 100 யூனிட் உள்ளது மற்றொன்று. 40-க்குரிய சிரிஞ்சு சிவப்பு மூடி, 100-க்குரியது ஆரஞ்சு மூடி. 100 பல மருந்தை 40 சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். ஆளையே சாய்த்துவிடும். வெளிநாடுகளில் பெரும்பாலும் 100 பலம்தான் என்பதால் வளைகுடாவுக்குப் போகிறவர்கள் முக்கியமாக இதைக் கவனிக்க வேண்டும். ஆகவே மருந்தின் பெயர், பலம், எத்தனை யூனிட் என்பதை டாக்டரிடம் தெளிவாக எழுதி வாங்குங்கள். கோழி கிண்டியது போன்ற கையெழுத்தில் எழுதித் தருகிற டாக்டர்களுக்கும் இது பொருந்தும்.

விமானம் தாமதமானால் சாப்பாடும் தாமதம். ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமோ நாலு ஸ்பூன் சர்க்கரையோ இருக்க வேண்டும். சாவுக்குப் போகிறவன் இனிப்பு எடுத்துப் போவதா என்று யோசிக்க வேண்டியதில்லை.

விமான கம்பெனிகளிடம் நாம் கேட்பது செலவில்லாத ஒரு காரியம். ஒருவர் கைப்பையைக் கீழே அனுப்பச் சொல்லுமுன், "இதில் மருந்து இருக்கிறதா?" என்று அவருக்குப் புரியும் பாஷையில் ஒரு வார்த்தை கேட்கட்டும். விமானம் நிறைந்துவிட்டால் ஏறும் வாசலில் வைத்தே பைகளை வாங்கிக் கீழே அனுப்புகிறார்கள், அங்கேயும் கேட்கட்டும். தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் இரண்டு வரி போர்டு வைத்தால் இன்னும் நல்லது. டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் தெரியும்: அவசரத்தில் வருகிறவர் காதில் வாங்குவது பாதி, தலையாட்டுவது முழுதும். அவர் தலையாட்டியதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது நியாயமல்ல.

நம் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. உடன் வேலை செய்கிறவனுக்குக்கூடத் தெரியாமல் குளியலறைக்குள் போய் ஊசி போட்டுக்கொள்கிறோம். பெண் பார்க்க வருவார்கள், முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவான் என்றெல்லாம் பயம். அந்த பயம் முழுக்கப் பொய்யென்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பயணத்தில் உடன் வருகிற ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். தனியாகப் போனால் சீட்டின் ஒரு நகல் சட்டைப் பையில் இருக்கட்டும்.

நாங்குநேரிக்காரர் திரும்பி வந்துவிட்டார். பட்டறைக்கு முன்போலவே போகிறார். கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சள் பை ஒன்றில் மருந்து, சிரிஞ்சு, சீட்டு, குளுக்கோஸ் எல்லாம் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். கல்யாண் வரை போவதானாலும் அதை எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறாராம்.