போர்க்கலைப் பயிற்சியும் ஆன்ம வளர்ச்சியும்

போர்க்கலையின் உண்மைப் பயன் ஆன்ம வளர்ச்சியே என்றும், பிடித்தலும் எறிதலும் குறிபார்த்தலும் அதன் புறத்தோலேயாம் என்றும் கூறுவது கற்றோரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. கேட்பதற்கு இஃது இனிதாகவே இருக்கின்றது. உடம்பை மிக வருத்தாமலே உயர்ந்த பொருளை அடையலாம் என்னும் செய்தி எந்த மாணாக்கனுக்குத்தான் இனியதன்று? ஆயினும் நாம் இக்கொள்கைக்கு உடன்படுவதற்கில்லை. இக்கொள்கை உலகெங்கும் பரவியது பெரும்பாலும் ஜப்பான் தேசத்தின் பெயராலேயே ஆதலின், அந்நாட்டுச் செய்திகளைக் கொண்டே நமது காரணத்தைக் கூறுவோம்.

ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியராகிய ஆய்கென் ஹெரிகெல் என்பார் 1924 முதல் 1929 வரை ஸெண்டாய் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த காலத்தில், ஆவா கென்ஸோ என்னும் ஆசிரியரிடம் வில்வித்தை பயின்றார். ஸென் நெறியோடு வில்வித்தையை இணைத்து அவர் 1948இல் வெளியிட்ட சிறு நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டுப் பெரும்புகழ் எய்தியது. நாமும் இளமையில் அதனைப் படித்து மயங்கினோம் என்பதை மறைக்கவேண்டுவதில்லை.

அந்நூலில் யாவரும் நினைவிற் கொள்ளும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. குறியைக் குறியாது அம்பை விடுக என்னும் உபதேசத்தில் மாணாக்கர் ஐயமுற, ஆசிரியர் அவரை ஓரிரவு தம் பயிற்சிக்கூடத்துக்கு வரச்செய்தார். இலக்கு இருந்த பக்கம் இருள். அதன்முன் நட்ட மெல்லிய ஊதுவத்தி ஒன்றே அங்கிருந்தது. முதல் அம்பு இலக்கின் நடுவிற் பாய்ந்தது. இரண்டாம் அம்பு முதல் அம்பின் அடியைப் பிளந்து அதனருகே நின்றது. மாணாக்கரின் ஐயம் அன்றே ஒழிந்தது.

யமடா ஷோஜி என்னும் ஆராய்ச்சியாளர் 2001இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை நுணுகி ஆராய்ந்தார். ஆவாவின் சொற்களை ஹெரிகெலுக்கு மொழிபெயர்த்துவந்தவர் கொமாச்சியா என்பவர். அவ்விரவில் அவர் உடனிருந்திலர். அவர் பின்னர் ஆவாவிடமே இதனைப்பற்றி வினவியபோது, அது தற்செயலாய் நேர்ந்தது. அத்தகைய ஒன்றைக் காட்டும் எண்ணம் தமக்கு இருந்ததில்லை என்று ஆசிரியர் விடையிறுத்தனராம். மாணாக்கர் அற்புதமாகக் கொண்டதை ஆசிரியர் தற்செயல் என்றே சொல்லியிருக்கின்றார். இதனால் ஆவாவின்மேல் நமக்கு மதிப்புக் கூடுகின்றதேயன்றிக் குறையவில்லை.

இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. இலக்கு வேண்டா என்று பிற்காலத்திற் போதித்த அந்த ஆவா, முன்னர் எய்த அம்பெல்லாம் தைக்கவல்லவர் என்று பெயர்பெற்ற வில்லாளர். ஏறி முடித்தவன் ஏணி வேண்டா என்று சொல்லலாம். கீழ்ப்படியில் நிற்பவன் அச்சொல்லைக் கேட்டு ஏணியைத் தள்ளிவிடுவது என்ன அறிவு? மேலும், வில்லின்வழி அகந்தை அழிவதைப்பற்றி அத்துணை அழகாக எழுதிய ஹெரிகெல், தாய்நாடு திரும்பியபின் 1937இல் நாஜிக் கட்சியிற் சேர்ந்தார். கலையில் உண்டாகும் மன அமைதி வேறு. நன்று தீது அறிதல் வேறு என்பதை இச்செய்தி நமக்கு வெளிப்படையாகவே காட்டுகின்றது.

இனி, ஆன்ம வளர்ச்சியைக் கைத்திறனினின்று பிரிக்க மறுத்தார் ஒருவரைக் கூறுவோம். அவர் 1882இல் தோக்கியோவில் ஒரு பௌத்தக் கோயிலில் கொடோக்கான் பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ. தொழிலாற் கல்வியாளர், ஆசிரியப் பயிற்சிப் பெருங்கல்லூரியொன்றின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். பழைய ஜூஜுட்சு மரபுகளிற் கற்றவற்றைச் செப்பனிட்டு, தம் கலைக்கு ஜூடோ, அதாவது ‘மென்மை நெறி’ என்று பெயரிட்டார். அவர் செய்தது பெயர்மாற்றம் மாத்திரம் அன்று. உறுப்பைக் கெடுக்கும் முறைகளைத் தடையற்ற பயிற்சியினின்று விலக்கினார். எறியப்படுவோன் கையால் தரையை அறைந்து, மோவாயை மார்போடு ஒட்டித் தலையைக் காத்து விழும் முறையை முதற்பாடமாக வற்புறுத்தினார். நம்மைப் பொறுத்தமட்டில், கானோவின் அறவுரைகள் அனைத்தினும் இவ்விழும் பாடமே மேலான அறம். எதிரியாக நிற்பவன் நாளையும் நம்மோடு பயிலவேண்டிய தோழன் என்னும் எண்ணம் அதனுள் அடங்கியிருக்கின்றது.

அந்நாட்டிலேயே இப்பாடம் பல இடங்களில் மறக்கப்பட்டது. 1983 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோ பயில்கையில் நூற்றுக்கு மேற்பட்ட மாணாக்கர் உயிரிழந்தனர் என்பதை உச்சிடா ரியோ என்னும் சமூகவியலாளர் வெளிக்கொணர்ந்தார். அவர்களுட் பலர் முதலாண்டு மாணாக்கர். பின்புறமாக எறியப்படுங்கால் தலை விசையோடு ஆடுவதால், மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையேயுள்ள சிரைகள் அறுந்து குருதி பெருகுகின்றது. தலை தரையில் மோதாமலும் இது நேரக்கூடும். தலைவலி என்று சொன்ன சிறுவனை மன உறுதி போதாதென்று மீண்டும் பாயில் நிறுத்துவது பயிற்சியன்று, கொடுமை. ஆசிரியர் ஆன்மாவைப்பற்றி எத்துணை பேசினும், எறியும் கையின் விசையை அளக்கத் தெரியாதவிடத்து அப்பேச்சால் யாது பயன்? மரபையும் பண்பையும் வளர்க்கும்பொருட்டு 2012இல் நடுநிலைப் பள்ளிகளிற் போர்க்கலைகள் கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது, பெற்றோர் பலர் அஞ்சியதில் வியப்பில்லை.

அங்ஙனமாயின் ஆன்ம வளர்ச்சி என்பதே இல்லையோ என்று நண்பர்கள் வினவலாம். உண்டு, நாம் அதனை மறுத்தோமல்லோம். 1964ஆம் ஆண்டு, ஜூடோ முதன்முறையாக ஒலிம்பிக் பந்தயங்களிற் சேர்க்கப்பட்டது. அக்டோபர் 23ஆம் நாள், தோக்கியோவில், எடை வரையறையற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் நெதர்லாந்து நாட்டு அன்டன் கீசிங்க், ஜப்பானியராகிய கமினகா அகியோவைத் தரையில் அழுத்திப் பிடித்து வென்றார். கூடியிருந்த ஜப்பானியர்க்கு அது பேரிடி. மகிழ்ச்சி மிகுதியால் கீசிங்கின் நாட்டவர் பாயை நோக்கி ஓடிவந்தனர். தோற்றவர் இன்னும் எழுந்திலர். கீசிங்க் கையை உயர்த்தி, வரவேண்டா என்று தம்மவரைத் தடுத்துவிட்டார். பின்னரே எழுந்து, எதிரே நின்றவரை வணங்கினார்.