தீர்த்த கடனும் தீராத குறிப்பும்

கடனைக் கட்டித் தீர்த்தவன் கடன்காரன் அல்லன். யாழ்ப்பாணத்திலே காணியை ஈடு வைத்தவன் முதலும் வட்டியும் செலுத்தி ஈட்டை மீட்டுவிட்டால், உறுதியைக் கையிற் பெற்றுக்கொண்டு தலைநிமிர்ந்து வீடு திரும்புவான். தீர்ந்த கடனைச் சொல்லி அவனை மறிப்பது ஊர் வழக்கமன்று. பிரித்தானியாவிலே நிலைமை வேறு. அங்கே குடியேறி, இரவு வேலையும் பகல் வேலையும் செய்து, சொந்தமாக ஒரு வீடு வாங்க முனையும் நம்மவர், கடன் அட்டைக் கடனை ஒரு சதம் மீதியின்றிக் கட்டிய பின்னரும் வீட்டுக் கடன் மறுக்கப்பட்டு நிற்பதுண்டு.

அந்நாட்டிலே 1966 ஆம் ஆண்டில் பார்க்ளேஸ் வங்கி முதற் கடன் அட்டையை வெளியிட்டது. இன்று எக்ஸ்பீரியன், எக்குவிபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்னும் மூன்று நிறுவனங்கள், கடன் கொடுப்போர் மாதந்தோறும் அனுப்பும் விபரங்களைத் திரட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு கடன் வரலாறு எழுதி வைத்திருக்கின்றன. வீடு வாங்கக் கடன் கேட்டவுடன் வங்கி முதலிற் புரட்டிப் பார்ப்பது அந்த ஏட்டையே.

தவணை தவறாது கட்டி முடித்தவனுக்கு அந்த ஏடு பகையன்று, துணையே. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, விண்ணப்பகாரர் மாதாமாதம் கட்டவேண்டிய பிற கடன்களையும் கணக்கில் எடுத்தே வங்கி கடன் வழங்கவேண்டும். ஆகவே அட்டைக் கடன் ஒழிந்தால் அவர் பெறக்கூடிய தொகை உயரும். இது நியாயமான ஏற்பாடு. இதிலே நமக்கு முறைப்பாடு இல்லை.

நம் முறைப்பாடு தவறியவனைப் பற்றியது. வேலை போயிற்று, அல்லது நோய் வந்தது, தவணைகள் தவறின, வங்கி அவன் கணக்கைத் தவறிய கணக்கு எனப் பதிந்துவிட்டது. அப்பதிவு, பதிந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் நிலைத்திருக்கும். மறு மாதமே முழுக் கடனையும் கட்டினாலும் ஆறு ஆண்டுதான். ஒரு பவுணும் கட்டாது விட்டாலும் ஆறு ஆண்டுதான்! கட்டியவனுக்குக் கிடைப்பது 'தீர்க்கப்பட்டது' என்னும் ஒரு குறிப்பு மாத்திரமே. வங்கியோடு பேசித் தொகையைக் குறைத்துக் கட்டியவனுக்கோ, 'பகுதியாகத் தீர்க்கப்பட்டது' என்றே எழுதப்படும்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் கடனுக்காக நீதிமன்றம் ஒருவனுக்கு எதிராகத் தீர்ப்பே வழங்கினாலும், ஒரு மாதத்துக்குள் அவன் முழுத்தொகையையும் கட்டிவிட்டால் அத்தீர்ப்புப் பதிவேட்டிலிருந்து அடியோடு நீக்கப்படுகின்றது. நீதிமன்றம் காட்டும் இச்சலுகையை ஓர் அட்டைக் கம்பனி காட்டலாகாதா? தவறிய கடனை முற்றாகத் தீர்த்தவனுக்கு இந்த ஆறாண்டுக் காலம் குறைக்கப்படவேண்டும் என்று நாம் கேட்கின்றோம். நம்மவர் வாக்குகளை நாடி வரும் பிரித்தானியப் பாராளுமன்ற அங்கத்தவர்களிடம் பொங்கல் விழா மேடைகளில் பொன்னாடை போர்த்துவதோடு நில்லாது, இதனையும் கேட்பதில் தவறில்லை.

கடந்ததைப் பாராது கடன் கொடுத்தால் வங்கி மூழ்கும் என்பர். வீட்டின் பெறுமதிக்கு மேலாகவும் கடன் கொடுத்த நொதேர்ண் றொக் வங்கியின் வாசலிலே 2007 இல் மக்கள் வரிசையாக நின்றதை நாமும் மறக்கவில்லை. ஆயினும் நாம் கேட்பது கண்ணை மூடிக் கொடுக்கும் கடனன்று. கட்டியவனையும் கட்டாதவனையும் ஒரே கால அளவாற் கட்டிப்போடலாகாது என்பதே நம் வாதம்.

விதி மாறும்வரை நம்மவர் கவனிக்க வேண்டியன சில உள. கணக்கைத் தவறியதாகக் கொள்ளுமுன் கடன் கொடுத்தவர் அறிவித்தல் அனுப்பிக் குறைந்தது 14 நாள் அவகாசம் தரவேண்டும். அக்கடிதத்தை உறை பிரியாமல் மேசையிலே கிடக்க விடுவதைப் போன்ற அறியாமை வேறில்லை. அவ்வவகாசத்துள் நிலுவையைக் கட்டினால் அந்தப் பதிவே விழாது. அடுத்தது, கைக்காசு. 3,00,000 பவுண் வீட்டுக்கு 30,000 பவுண் சேர்த்தவர், அதில் 6,000 ஐ எடுத்து அட்டைக் கடனை அடைத்தால், பத்து வீதமாயிருந்த முற்பணம் எட்டு வீதமாகிவிடும், வட்டியும் ஏறக்கூடும். அடைக்கத்தான் வேண்டும், ஆனால் எப்போது, எந்தப் பணத்தால் என்பதை விண்ணப்பத்துக்குப் பல மாதங்கள் முன்னரே கணக்கிட வேண்டும். இன்று கட்டிய பணம் ஏட்டிலே ஏற ஒரு மாதத்துக்கு மேலும் செல்லலாம்.

1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் இன்னுமோர் உரிமையைத் தந்திருக்கின்றது. ஏட்டிலே பிழை கண்டு முறையிட்டும் அது திருத்தப்படாவிட்டால், 200 சொற்களுக்கு மேற்படாத விளக்கமொன்றை எழுதி அதிற் சேர்க்கும்படி கேட்கலாம். ஏட்டைப் பார்ப்பதற்கு இப்பொழுது கட்டணமும் இல்லை. ஆங்கிலம் எழுதத் தயங்கும் பெற்றோருக்கு அந்த 200 சொற்களை எழுதிக் கொடுக்க, அங்கே பிறந்து படித்த பிள்ளைகள் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினாற் போதும்.