நிரல் பொது, பெயர் தனியுடைமை

2010 செப்டம்பர் 18 அன்று, பிரான்சில் வேலையிழந்த மென்பொருள் தொழிலாளர்கள் சிலர், தன்னார்வப் பங்களிப்பாளர்களுடன் இணைந்து ஓர் அறிவிப்பை வெளியிட்டனர். மாண்ட்ரிவா என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை ஆண்டுக்கணக்கில் உருவாக்கிப் பராமரித்தவர்கள் அவர்கள். அவர்கள் பணியாற்றிய துணை நிறுவனம் கலைக்கப்பட்டதும் பெரும்பாலோர் தெருவில் விடப்பட்டனர். தாய் நிறுவனத்தின் திட்டங்களை இனி நம்புவதற்கில்லை என்றும், அதே மூலநிரலைக் கொண்டு புதிய இயங்குதளத்தைத் தாங்களே கட்டப்போவதாகவும் அவர்கள் அறிவித்தனர். நிரலை எடுத்துச்செல்ல எவரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை. பொது உரிமம் அவ்வுரிமையை அனைவருக்கும் வழங்கியிருந்தது. பெயரை மட்டும் எடுத்துச்செல்ல முடியவில்லை. அது நிறுவனத்தின் வணிகச்சின்னம்.

அந்தப் பெயரே ஒரு வழக்கின் வடு. 1998-இல் கயேல் துவால் இந்த இயங்குதளத்தைத் தொடங்கியபோது அதன் பெயர் மாண்ட்ரேக். தமிழ்ச் சித்திரக்கதை வாசகர்களும் அறிந்த மந்திரவாதியின் பெயர்தான். அக்கதைகளின் உரிமையைக் கையில் வைத்திருந்த அமெரிக்க ஊடக நிறுவனமான ஹெர்ஸ்ட், பெயர் தனக்கே சொந்தம் என்று வழக்குத் தொடுத்தது. பின்னர் 2005-இல் பிரேசிலின் கோனெக்டிவா நிறுவனத்துடன் இணைப்பு நிகழ்ந்தபோது, இரு பெயர்களையும் ஒட்டி மாண்ட்ரிவா ஆக்கினர். மறு ஆண்டே, தொடங்கிவைத்த துவாலையும் ஆட்குறைப்பு என்று சொல்லி வெளியேற்றினர். பெயர் மாறியது, உரிமையாளர் மாறினார், தோற்றுவித்தவரும் போனார். எழுதியவர்களின் உழைப்பு மட்டும் உள்ளேயே இருந்தது.

வெளியேறியவர்கள் தேர்ந்த புதிய பெயர் மகேயா. கிரேக்க மொழியில் மந்திரவித்தை என்று பொருள். பழைய மந்திரவாதியின் நிழல் அதில் இருக்கிறது. ஆனால் எந்த நிறுவனமும் அதற்காக வழக்குத் தொடுக்க இயலாது. பெயரோடு நிற்காமல், பிரான்சின் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலாப நோக்கற்ற சங்கம் ஒன்றையும் அவர்கள் நிறுவினர். அது பெயரினும் முக்கியமான முடிவு. மாண்ட்ரிவா நிறுவனம் 2015-இல் கலைக்கப்பட்டது; மகேயாவின் 9ஆம் பதிப்பு 2023-இல் வெளிவந்தது.

இது தனித்த நிகழ்வன்று. லினக்ஸ் என்ற பெயரையே 1990-களில் அமெரிக்காவில் ஒருவர் தம் பெயரில் வணிகச்சின்னமாகப் பதிவுசெய்து, பயன்படுத்துவோரிடம் பணம் கேட்டார். வழக்குக்குப் பின்னரே 1997-இல் அது லினஸ் டோர்வால்ட்சிடம் வந்தது. சென்ட்ஓஎஸ் என்ற பெயரின் உரிமை 2014-இல் ரெட்ஹாட் நிறுவனத்திடம் சென்றது. 2020 டிசம்பரில் அதன் வழக்கமான வடிவத்துக்கு முடிவு கட்டப்போவதாக நிறுவனம் அறிவித்தது. அதை நம்பியிருந்தவர்கள் ராக்கி லினக்ஸ் என்று மீண்டும் தொடங்கினர். அதுவும் மறைந்த ஒரு தொடக்ககாலப் பங்களிப்பாளரின் நினைவாக வைத்த பெயர்.

பெயரை மீட்டெடுத்தால் சுரண்டல் நின்றுவிடும் என்பதில்லை. ஊதியமின்றி இரவில் எழுதப்படும் நிரலின் மீது பன்னாட்டு மூலதனம் இலாபம் குவித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆயினும் இதைக் கணினிக்காரர்களின் சில்லறைப் பூசல் எனத் தோழர்கள் ஒதுக்குவது தவறு. இங்கே உழைப்பின் பலன் பொதுவாகவும், அதன் அடையாளம் தனியுடைமையாகவும் பிரிகின்றன. சந்தையில் விலைபோவது அடையாளமே.

கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிகளுக்கென உருவாக்கப்பட்ட இயங்குதளம், கைட் என்னும் பொது நிறுவனத்தின் பெயரையே தாங்கியுள்ளது. பலரும் சொல்லாமல் விட்டுவிடும் க்னு என்ற சொல்லும் அப்பெயரில் இடம்பெறுகிறது. பிற மாநிலங்களும் பொதுப்பணத்தில் கட்டற்ற மென்பொருளை உருவாக்க முன்வர வேண்டும். அவ்வாறு உருவாகும்போது, பெயர் எவர் பெயரில் பதிவாகிறது என்ற கேள்வியைச் சட்டமன்றங்களிலும் தொழிற்சங்கங்களிலும் தோழர்கள் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே எழுப்ப வேண்டும்.