துண்டைப் போட்டுக் கேளுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். கை கால் கழுவுவதற்கு முன்பே பையிலிருந்து ஒரு தோல் டப்பியை எடுத்துத் திறந்து காட்டினான். கம்மல் வைக்கிற மாதிரி மெத்தென்ற குழிக்குள் இரண்டு உலோகக் குமிழ்கள். "நாப்பத்தெட்டாயிரம் மாமா" என்றான். கம்பெனிப் பெயரை அதற்கப்புறம்தான் சொன்னான். எங்கள் ஊர் நல்லம்பள்ளியில் காதில் மாட்டுகிற எதற்கும் ஹெட்செட் என்றுதான் பெயர். நானும் "ஹெட்செட்டா மாப்ளே?" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "ஹெட்செட் இல்ல மாமா, ஐ.இ.எம்." பாடகர்கள் மேடையில் மாட்டிக்கொள்வதாம். இவன் மேடை ஏறியது ஒரே தடவை, ஒன்பதாம் வகுப்பு ஆண்டு விழா நாடகத்தில். மரமாக நின்றான்.

சரி கொடு என்று வாங்கி மாட்டிக்கொண்டேன். 'அன்னக்கிளி' படப் பாட்டு ஒன்றைப் போட்டான். "கேக்குதா? தபலா இடது பக்கம் தள்ளி உக்காந்திருக்கு. ஜானகியம்மா நடுவுல, ரெண்டடி முன்னால நிக்கிறாங்க. சாதாரண ஹெட்செட்ல இதெல்லாம் தெரியவே தெரியாது."

அன்னக்கிளி வந்தது 1976-இல். அந்தப் பாட்டுகள் மோனோ ஒலிப்பதிவு. தமிழ்ப் படப் பாட்டில் ஸ்டீரியோ என்ற பேச்சே 1978-இல் 'ப்ரியா'வோடுதான் வந்தது. மோனோ என்றால் இடது காதுக்கும் வலது காதுக்கும் போவது அச்சுப் பிசகாத ஒரே சத்தம். அதில் தபலாக்காரர் இடது பக்கம் தள்ளி உட்கார இடமே கிடையாது. நாற்பத்தெட்டாயிரம் கொடுத்தவருக்கு மட்டும் பாய் விரித்து உட்கார்ந்து காட்டுகிறார் போலிருக்கிறது.

இதைச் சொன்னேன். "உங்க காது அந்த அளவுக்குப் பழகல மாமா" என்றான். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தன் இருப்பான். விலை ஏற ஏற ஒலியும் ஏறும், அது கேட்கவில்லை என்றால் குற்றம் உன் காதில் என்று சொல்கிறவன். ஐயாயிரம் ரூபாய்ச் சாமானில் பேஸ் "தடிப்பு", ஐம்பதாயிரத்தில் அதே பேஸ் "இறுக்கம்". குறை தெரிந்தால் இருநூறு மணி நேரம் ஓடவிட்டுப் பழக்க வேண்டும் என்பான். இருநூறு மணி நேரத்தில் பழகுவது இயர்போனா, வாங்கியவனா என்று கேட்டால் கோபம் வரும்.

எங்கள் ஊர் வாரச்சந்தைக்கு வந்து பாருங்கள். ஆடு வாங்க வருகிறவர் எடுத்ததும் விலை கேட்பதில்லை. வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். முதுகைத் தடவி, இடுப்பில் கைவைத்து அழுத்தி, எத்தனை கிலோ கறி தேறும் என்று மனசுக்குள்ளேயே எடை போட்டுவிடுவார். "இருபதாயிரம் சொல்றாங்க, அப்படின்னா நல்ல ஆடுதான்" என்று எவரும் அங்கே கயிற்றைப் பிடித்ததில்லை. மாட்டுச் சந்தைகளில் இன்னும் ஒரு படி மேலே போய், கைகளின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு மாடு தெரியும், விலை தெரியாது.

நானும் துண்டை எடுத்தேன்.

என்னிடம் இருப்பது ஆயிரத்து எண்ணூறு ரூபாய் இயர்போன். அதுவும் உலோகக் கூடுதான், காதுக்கு மேல் சுற்றிப் போடுகிற ஒயர்தான். எடையிலும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டிலும் சத்தத்தை அவனையே சமமாக வைக்கச் சொன்னேன், ஏனென்றால் சத்தம் ஒரு பொட்டு கூடினாலே காது அதைத் தெளிவு என்று நம்பிவிடும். பிறகு கண்ணைக் கட்டினேன். அக்கா மாற்றி மாற்றி மாட்டிவிட்டாள்.

ஒரே ஒரு சில்மிஷம் செய்தேன். அவன் காதுத் துளை அவன் அம்மாவுடையதைப் போலச் சின்னது. டப்பியோடு வந்த ரப்பர்களில் நடுத்தர அளவை மாட்டி வைத்திருந்தான். அது உள்ளே முழுசாக உட்காராமல் விளிம்பிலேயே நின்றது. என் இயர்போனில் சின்ன ரப்பர் ஒரு ஜோடி போட்டேன். முப்பது ரூபாய். ஐந்து தடவை மாற்றினோம். ஐந்து தடவையும் என்னுடையதைத் தொட்டு, "இதான் என்னோடது, பேஸ் எப்படி இறங்குது பாருங்க" என்றான். அப்புறம் அதே சின்ன ரப்பரைக் கழற்றி அவனுடையதில் போட்டு, நடுத்தரத்தை என்னுடையதில் போட்டேன். இப்போது அவனுடையது அவனுடையதாகிவிட்டது. இரண்டிலும் சின்ன ரப்பரைப் போட்டதும், "ஒரு நிமிஷம் இருங்க மாமா" என்று ஆரம்பித்தவன் இன்னும் அந்த நிமிஷத்தை முடிக்கவில்லை.

இதில் மாயமொன்றுமில்லை. சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்துவிட்டால் என்ன அடித்தாலும் டியூபில் காற்று ஏறாது. இயர்போனும் அதே கதைதான். உள்ளே இருக்கும் தகடு சில மில்லிமீட்டர் அகலம். காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழாய். வாயை ரப்பர் அடைத்துக்கொண்டால் அந்தச் சின்னக் காற்றையே தகடு அழுத்தி ஆழமான சத்தத்தைக் கொடுக்கும். ஓரத்தில் மயிரிழை கசிந்தால் முதலில் ஓடிப்போவது பேஸ்தான், மிச்சம் தகர டப்பா. ஆக, நாற்பத்தெட்டாயிரத்தின் மானத்தைக் காப்பாற்றியது முப்பது ரூபாய் ரப்பர்.

ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்ததை வைத்துச் சட்டம் போடலாமா என்பீர்கள். யெரூன் பிரேபார்ட் என்ற டச்சு ஒலியியல் ஆய்வாளர் 2017-இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். காதுக்குள் போவது, மேலே உட்காருவது, காதையே மூடுவது என்று 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார். எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதற்கும் கடை விலைக்கும் தொடர்பு தென்படவில்லை. அவர் நல்லம்பள்ளிக்கு வந்திருந்தால் செலவு மிச்சம், ஒரு துண்டு போதும்.

"காதுக்குப் பன்னிரண்டு ஸ்பீக்கர்" என்று ஏலம் போடுகிறவர்கள் இன்னொரு கூட்டம். சென்ஹைசர் கம்பெனி 2021-இல் ஐ.இ. 900 என்று ஓர் இயர்போனை வெளியிட்டது. அப்போது விலை சுமார் 1,300 டாலர். காதுக்கு ஒரே ஒரு ஸ்பீக்கர், 7 மில்லிமீட்டர். அப்படியென்றால் பன்னிரண்டு சரியா, ஒன்று சரியா? இரண்டுமே சரி என்பார்கள், இரண்டுமே லட்ச ரூபாய்ச் சங்கதி அல்லவா! போதாக்குறைக்கு வெள்ளி ஒயர் வேறு. ஒரு மீட்டர் ஒயருக்குப் பதினைந்தாயிரம். எங்கள் பக்கம் அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கிற போர்வெல் மோட்டாருக்கு ஒயர் இழுத்தவர்கள் இதைக் கேட்டால் சிரிக்கக்கூட மாட்டார்கள்.

சௌகரியம் என்ற பேச்சுக்கு வருவோம், அதில்தான் இவர்கள் கதை இன்னும் மோசம். விலை கூடக் கூடக் கூடு பெருக்கிறது, காது மடலை நெம்புகிறது. நாற்பத்தெட்டாயிரத்தை மாட்டிக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்தேன். மண்டைக்குள் ஜல்லி அரைக்கிற மிஷின் ஓடியது. துளையை அடைத்தால் சொந்தத் தாடையின் சத்தம் உள்ளேயே சுற்றும், எந்த விலைக்கும் அதில் தள்ளுபடி கிடையாது. போதாததற்கு, ஒரே ஆளின் இடது காதும் வலது காதுமே ஒன்றல்ல. யாரோ ஒருத்தர் தன் காதில் மாட்டிப் பார்த்து நட்சத்திரம் போடுவதை வைத்து நான் வாங்குவது, அவர் செருப்பு அளவில் எனக்குச் செருப்பு வாங்குகிற மாதிரி.

காதுக்குள் பொருந்துவது என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் காது கேட்கும் கருவி வாங்கப் போனவர்களைக் கேளுங்கள். அம்மாவைச் சேலத்துக்குக் கூட்டிப் போனேன். முதலில் நூல் கட்டிய பஞ்சைத் துளைக்குள் வைத்தார்கள். பிறகு ஊசிக்குழலில் பசையை அடைத்து உள்ளே பிதுக்கினார்கள். ஐந்து நிமிஷத்தில் அது இறுகி, நூலோடு வெளியே வந்தது. அம்மா அதைக் கையில் வாங்கி, "என் காது இவ்வளவு வளைசலா?" என்றாள். அந்த அச்சுக்குத்தான் மோல்டு செய்தார்கள். லட்ச ரூபாய் இயர்போன்களுக்குள் இருக்கும் 'பேலன்ஸ்ட் ஆர்மேச்சர்' என்ற குட்டி ஸ்பீக்கரும் காது கேட்கும் கருவியிலிருந்து வந்ததுதான். 1991-இல் ஈ.ஆர்-4 என்ற இயர்போனை விட்ட எடிமோட்டிக் நிறுவனத்தார் அந்தத் துறையில் ஊறியவர்கள். காதுக்கு ஒரே ஸ்பீக்கர். மூன்றடுக்கு ரப்பரை ஆழமாகத் திருகி உள்ளே விட வேண்டும். அவர்களுக்கு ரப்பரின் அருமை தெரிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு டப்பியின் அருமை தெரிந்திருக்கிறது.

கடைக்காரர்களையும் விட முடியாது. நாலு வருஷம் முன்னால் ஒரு கடையில் மாட்டிப் பார்க்கக் கேட்டேன். "ஹைஜீன் சார், சீலை உடைக்கக் கூடாது" என்றார்கள். ஆட்டுக்குக்கூடப் பல்லைக் காட்டுகிறார்கள், ஐயா. பார்க்காமலே விலையை நம்புவதில் தண்ணீர் விஷயமும் இதே லட்சணம்தான். ஃப்ளோரைடால் எலும்பு வளைந்த எங்கள் தர்மபுரிப் பக்கத்துக்கென்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குழாயில் காவிரி வருகிறது. அதில் பாத்திரம் கழுவிவிட்டு, எங்கிருந்து பிடித்தது என்று தெரியாத கேன் தண்ணீரைக் காசு கொடுத்துக் குடிக்கிறோம். அதிகக் கட்டணம் வாங்குகிற பள்ளிக்கூடத்தில்தான் பிள்ளைக்குப் படிப்பு ஏறும் என்று நம்புவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதைத் தொட்டால் அக்கா சண்டைக்கு வருவாள்.

'ஹைரெஸ்' என்று தங்கநிற ஸ்டிக்கர் ஒட்டி வருகிறதே, அதற்கும் துண்டு போட்டுப் பார்த்துவிட்டார்கள். 2007-இல் மேயர், மொரான் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உயர்தர ஒலிப்பதிவையும், அதையே சாதாரண சி.டி. தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். கேட்டவர்கள் 554 தடவையில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

ரப்பர் சரியாக அடைத்தால் இன்னொரு லாபம் உண்டு, வெளிச்சத்தம் குறைவதால் பாட்டைக் குறைவாக வைத்தாலே போதும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான். நாற்பத்தெட்டாயிரத்துக்குத் தனி வாய்தா கிடையாது. ஆனால் காதை இப்படி அடைத்துக்கொண்டு தொப்பூர் கணவாயில் பைக் ஓட்டுகிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. பிரேக் பிடிக்காத லாரி பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கும். இவர்கள் காதில் ஜானகியம்மா ரெண்டடி முன்னால் நின்று பாடிக்கொண்டிருப்பார்.

திங்கட்கிழமை விடியற்காலை மாப்பிள்ளை ஓசூர் பஸ் ஏறிப் போனான். பன்னிரண்டு மாதத் தவணையில் இன்னும் பத்து பாக்கி என்று அக்கா சொன்னாள். மத்தியானம் பாட்டுக் கேட்கலாம் என்று என் ஆயிரத்து எண்ணூறை எடுத்தேன். முனையில் ரப்பர் இல்லை. போன் போட்டேன்.

"அது என்னோடதுலதான் மாமா நல்லா செட் ஆச்சு" என்றான்.