வக்காலத்தில் கையொப்பம் யாருடையது?

'வக்கீல்' எனும் சொல் அரபு மொழி நமக்கு ஈந்தது. தம் காரியத்தை ஒருவர் நம்பி ஒப்படைக்கும் பொறுப்பாளர் என்பதே அதன் பொருள். ஒப்படைத்தது அமானிதம். அந்த அமானிதத்தை இன்று சில வழக்கறிஞர்கள் செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் கைமாற்றிவிட்டு, பிழை நேர்ந்ததும் "பொறி பிழைத்தது" என்கின்றனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை.

நியூயார்க்கில் நடந்ததை நோக்குக. விமானப் பயணத்தில் காயமுற்ற ஒருவருக்காக வாதிட்டவர்கள், சாட்ஜிபிடி புனைந்த ஆறு தீர்ப்புகளை மெய்யெனக் காட்டினர். 2023 ஜூனில் நீதிபதி காஸ்டெல் விதித்த தண்டம் 5,000 டாலர். காலங்கடந்து தொடுக்கப்பட்டதென்று வழக்கும் அன்றே தள்ளுபடியாயிற்று. நம் நாட்டிலோ, பெங்களூர் வருமான வரித் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவொன்று, இல்லாத தீர்ப்புகளைச் சான்று காட்டியமையால் திரும்பப் பெறப்பட்டது.

இதில் வியப்பில்லை. அப்பொறி நூலகம் அன்று; அடுத்து எச்சொல் வரக்கூடும் எனக் கணித்துக் கோப்பது. தீர்ப்புப் போன்ற வாசகத்தை அது தரும். அத்தீர்ப்பு உண்டா என்பதை அது அறியாது.

"சட்டம் வரட்டும், கட்டுப்படுவோம்" என்பாரும் உளர். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு நெறி வகுத்தது: தீர்ப்பை முடிவுசெய்ய இப்பொறியை நாடலாகாது. நன்று. ஆயின் அது நீதிபதிகளையும் ஊழியரையும் கட்டுவது. வழக்கறிஞரைக் கட்ட 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இருக்கிறதே! அதன் 35-ஆம் பிரிவின்படி, ஒழுக்கம் தவறியவரைக் கண்டிக்கலாம். தொழில் செய்யாது நிறுத்திவைக்கலாம். பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம்.

ஆனால் தண்டனை, இழப்பின் பின்னரே வரும். கொடுமுடியில் மஞ்சள் தோட்டத்தின் எல்லைக்கோ, காளிங்கராயன் வாய்க்கால் தண்ணீருக்கோ வழக்காடும் உழவர், ஆங்கில மனுவில் வக்கீல் சுட்டிய இடத்தில் கையொப்பமிடுகிறார். அதிலுள்ள மேற்கோள் மெய்யா பொய்யா என அவரால் ஆராய இயலுமா? தண்டத்தை வக்கீல் கட்டிவிடுவார். நிலத்தை இழப்பவர் இவரன்றோ?

ஆகவே பார் கவுன்சிலிடம் நாம் கேட்பவை மூன்று. காட்டும் ஒவ்வொரு தீர்ப்பின் மூலத்தையும் தாமே படித்ததாக வழக்கறிஞர் எழுதித் தரல் வேண்டும். கட்சிக்காரரின் பத்திரங்களையும் இரகசியங்களையும் அவர் இசைவின்றிப் பொறியில் இடலாகாது. பொறியின் துணை கொண்டால் அதை அவரிடம் மறைக்கலாகாது.

பழந்தீர்ப்பைத் தேடவும் தமிழாக்கவும் பொறி உதவட்டும், தடுப்பாரில்லை. ஆனால் வக்காலத்தில் கையொப்பமிட்டது பொறியன்று.