கேஸு தான் டாக்டரம்மா

காலை 11 மணி. ஓ.பி. வரிசை வாசலைத் தாண்டி நிக்குது. காசிமேட்டுல மீன் விக்கிற ஒரு அம்மா, ஐம்பது தாண்டின வயசு. உள்ளே வந்தவங்க உட்காரக்கூட இல்ல. "கேஸு தான் டாக்டரம்மா. ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க, ஏவாரம் கீது."

(அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.)

விடியக்காலையில ஏலத்துக்குப் போனப்பவே நெஞ்சுக்குழியில எரிச்சல். ரெண்டு வாட்டி வாந்தி. லெமன் சோடாவுல உப்பு போட்டுக் குடிச்சிருக்காங்க. பெரிய ஏப்பமா வந்து "கொஞ்சம் அடங்கிச்சு". பக்கத்துல கடை போட்டவங்க ஒரு ஜெலூசில் குடுத்திருக்காங்க. சுகர் பத்து வருஷமா இருக்கு. வேர்த்துச்சாம்மான்னு கேட்டேன். "கூடை தூக்குனா வேர்க்காதா?"

இ.சி.ஜி. எடுத்தோம். இதயத்தோட கீழ்ப்பக்கச் சுவர்ல ஹார்ட் அட்டாக். வலி ஆரம்பிச்சு அப்போ ஏழு மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த ஏழு மணி நேரத்தைச் சாப்பிட்டது ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அதைப் பத்தித்தான் இந்த த்ரெட்.

எங்க ஏரியாவுல ஒரே நாள்ல அந்த வார்த்தை எத்தனை வேலை பாக்குதுன்னு பாருங்க. வீட்ல "கேஸ் வந்துச்சா?"ன்னா சிலிண்டர். பட்டறையில கேஸ்னா இரும்பை வெட்டுற நெருப்பு. ஐஸ் கம்பெனியில கேஸ்னா அமோனியா. எண்ணூர்ப் பக்கம் ராத்திரி யாராவது கேஸ்னு கத்தினா, குழந்தையைத் தூக்கிட்டு ஓடணும்னு அர்த்தம். வயிறு உப்பினா கேஸ், நெஞ்சு வலிச்சா கேஸ், முதுகு பிடிச்சா கேஸ், கை மரத்துப்போனா "கேஸு கைக்கு இறங்கிடுச்சு". பேப்பர்ல ஒருத்தர் காஸ்னு எழுதுவாங்க, ஒருத்தர் கியாஸ்னு எழுதுவாங்க. நம்ம வாயில கேஸ் தான்.

இந்த வார்த்தையை உருவாக்கினதே ஒரு டாக்டர்தான். வான் ஹெல்மான்ட், 17ஆம் நூற்றாண்டு, இன்னைக்கு பெல்ஜியம்னு சொல்ற நாட்டுக்காரர். கண்ணுக்குத் தெரியாம, பிடிச்சு அடைக்க முடியாம இருக்குற ஒண்ணுக்குப் பேர் வேணும்னு 'கேயாஸ்'ங்கிற கிரேக்கச் சொல்லைத் திருப்பிக்கிட்டார். குழப்பம்னு அர்த்தம். எங்க ஓ.பி.க்குப் பொருத்தமான பேர்தான்.

இன்னொரு குழப்பம் டாக்டர்களால வந்தது. 'கேஸ்ட்ரைட்டிஸ்', 'கேஸ்ட்ரிக்'னு நாங்க எழுதுறோம்ல, அதுக்கும் கேஸுக்கும் எந்த உறவும் இல்ல. அது வயிறுங்கிற அர்த்தமுள்ள வேற கிரேக்கச் சொல்லுலேர்ந்து வருது. ஆனா காதுல ரெண்டும் ஒரே மாதிரி விழுது. நம்ம ஊர்ல ஏற்கனவே வாயு, வாய்வுப் பிடிப்புன்னு ஒரு பழைய நம்பிக்கை இருந்துச்சு. மூணும் சேர்ந்து 'கேஸ் டிரபுள்'னு ஒரு வியாதியே ஆயிடுச்சு. மெடிக்கல் புத்தகத்துல அப்படி ஒரு வியாதி கிடையாது.

இதை நோயாளிகளைக் கிண்டல் பண்ண எழுதல. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு ராத்திரி, நாற்பது வயசுக்குள்ள ஒருத்தர், படகுல வேலை. "கேஸ் அடைச்சுக்கிச்சு மேடம்." வயித்தை அமுக்கிப் பார்த்தேன், அமிலத்துக்கு ஊசி போட்டேன், சீட்டுல 'கேஸ்ட்ரைட்டிஸ்'னு எழுதினேன். "பரவால்ல மேடம், இப்ப சரியா இருக்கு"ன்னு நன்றி சொல்லிட்டுப் போனார். மறுநாள் மதியம் கொண்டு வந்தப்போ உயிர் இல்ல. அவர் சொன்ன தமிழ் கேஸை நான் இங்கிலீஷ் கேஸா மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான். அதை வைத்தியம்னு நினைச்சுக்கிட்டேன். இ.சி.ஜி. மெஷின் பத்தடி தள்ளித்தான் இருந்துச்சு.

நான் எம்.பி.பி.எஸ். தான், கார்டியாலஜிஸ்ட் இல்ல. இதுக்குக் கார்டியாலஜிஸ்ட் ஆகணும்னு அவசியமும் இல்ல. இதயத்துலேர்ந்தும் உணவுக்குழாய்லேர்ந்தும் வர்ற வலி நரம்புகள் தண்டுவடத்துல கிட்டத்தட்ட ஒரே இடத்துல வந்து சேருது. வலி எங்கேர்ந்து வந்துச்சுன்னு மூளைக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. இதயத்தோட கீழ்ச்சுவர் உதரவிதானத்து மேல உட்கார்ந்திருக்கு, அதுக்கு அடியில வயிறு. அங்க அட்டாக் வந்தா வாந்தி வரும், நெஞ்சுக்குழி எரியும், ஏப்பமும் வரும். சுகர் இருக்கிறவங்களுக்கு நரம்பு மழுங்கிப்போய் வலியே சரியாத் தெரியாது. பெண்களுக்கு சினிமாவுல வர்ற மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுற அட்டாக் மட்டும்தான் வரும்னு கிடையாது. மூச்சு வாங்கும், அசதியா இருக்கும், தாடை வலிக்கும்.

ஏப்பம் விட்டதும், ஜெலூசில் குடிச்சதும் வலி குறைஞ்சா இதயம் இல்லைன்னு அர்த்தமா? இல்லவே இல்ல. ஹார்ட் வலியும் கூடிக் குறையும். குறையுற நேரத்துல சோடா குடிச்சிருந்தா, பேர் சோடாவுக்குப் போயிடும்.

"அப்போ எல்லா வயித்து எரிச்சலுக்கும் இ.சி.ஜி.யா?"ன்னு ஒரு சீனியர் ஒருவாட்டி கேட்டார். முப்பது வயசைத் தாண்டி, தொப்புளுக்கு மேல, புதுசா ஒரு வலின்னா, ஆமா சார். பத்துப் பேருக்கு நார்மல் வந்தா பத்துக் காகிதம் நஷ்டம். அரசு ஆஸ்பத்திரியில அதுக்கு நீங்க பணம் கட்டத் தேவையில்ல. முதல் இ.சி.ஜி. நார்மலா வந்து, வலி நிக்கலைன்னா, "இன்னொருவாட்டி எடுங்க"ன்னு தைரியமாக் கேளுங்க. முதல் தடவை தெரியாம அரை மணி கழிச்சுத் தெரியுற அட்டாக் உண்டு. கட்டியைக் கரைக்கிற மருந்து 12 மணி நேரத்துக்குள்ள போடணும். அதுலயும் முதல் ரெண்டு மூணு மணி நேரத்துல கிடைக்கிற பலன் அப்புறம் கிடைக்காது. 2023லேர்ந்து இதயம் காப்போம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் டோஸ் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் குடுத்து மேல அனுப்புறாங்க. பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி ஷேர் ஆட்டோவுல அலையாதீங்க. 108க்குப் போடுங்க, இல்ல பக்கத்துல இருக்குறதுக்குப் போங்க.

கேஸ்னு சொன்னது முழுக்கச் சரியா இருந்த ராத்திரியும் உண்டு. 2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்குற நேரம். எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பல்லேர்ந்து அமோனியா கொண்டு வர்ற கடலடிக் குழாய்ல கசிவு. மிக்ஜாம் வெள்ளமும் கழிமுகத்துல எண்ணெயும் வந்து ஒரு மாசம்கூட ஆகல. தூங்கினவங்க கண்ணு எரிஞ்சு, தொண்டை அடைச்சு, குழந்தைகளோட ரோட்டுக்கு வந்தாங்க. நிறைய பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க.

இங்கயும் எனக்கு அந்த வார்த்தை மேலதான் கோவம். அமோனியாவா, குளோரினா, ஹைட்ரஜன் சல்ஃபைடான்னு தெரிஞ்சாத்தான் எந்தப் பக்கம் ஓடணும், நாங்க எதைக் கவனிக்கணும்னு தெரியும். அமோனியா தண்ணியில நல்லாக் கரையும். அதனால ஈரத்துணியால மூக்கை மூடிக்கிட்டு, காத்துக்குக் குறுக்கால விலகிப் போகலாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானா மூக்கே மரத்துப்போகும். நாத்தம் நின்னுடுச்சுன்னு நின்னா ஆபத்து. எந்த ரசாயனம் இருக்கு, கசிஞ்சா என்ன செய்யணும்னு சுத்தி இருக்குற மக்களுக்கு முன்கூட்டியே சொல்லணும்னு 1989லேர்ந்து மத்திய அரசு விதியே இருக்கு. எங்க தெருவுல இருக்குற ஜனங்களுக்கு எத்தனை பேருக்குச் சொல்லியிருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க. "ஏதோ கேஸு"ங்கிறதுக்கு மேல ஒரு வார்த்தை வராது.

இன்னும் ஒண்ணு, சுருக்கமா. தீக்காயத்தோட ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வர்றாங்க. கூட வந்தவர் சொல்றார்: "கேஸ் அடுப்புல பத்திக்கிச்சு. கேஸ் ஆகுமா மேடம்?" முதல் கேஸ் அடுப்பு, ரெண்டாவது போலீஸ். முதல் கேஸை அவ்வளவு அவசரமாச் சொல்றதே பல நேரம் ரெண்டாவது கேஸுக்காகத்தான். நான் அவரை வெளிய நிக்கச் சொல்லிட்டு அந்தப் பொண்ணுகிட்டத் தனியாக் கேப்பேன். எல்லாரும் அப்படிக் கேக்கணும்.

மீன்காரம்மாவுக்கு மருந்து போட்டோம், பிழைச்சுட்டாங்க. எக்கோவுல பம்பிங் குறைஞ்சிருக்கு. கூடையை இப்ப பொண்ணு தூக்குறா. மாத்திரை வாங்க மாசாமாசம் வருவாங்க. போன மாசம் ஒரு சிநேகிதியைக் கையோட இழுத்துட்டு வந்தாங்க. "இவளுக்குக் கேஸாம் டாக்டரம்மா. நெஞ்சுப் படம் எடுத்துடுங்க."

இ.சி.ஜி. நார்மல். வலி நிக்கல. அரை மணி கழிச்சு இன்னொண்ணு எடுத்தோம், அதுவும் நார்மல். ஸ்கேனுக்கு அனுப்பினேன். பித்தப்பையில கல்லு. சர்ஜரி ஓ.பி.க்கு எழுதிக் குடுத்திருக்கேன், செவ்வாக்கிழமை வரச் சொல்லியிருக்கு.